ஒன்பதாவது சாவி

அத்தியாயம் 11

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்குச் சாப்பாட்டு மேஜையின் மேல் இரண்டு தாள்கள் கிடந்தன.

ஒன்று ஆஸ்பத்திரியின் சம்மதப் படிவம். அப்பாவின் இதய வால்வை மாற்றுவதற்கு. கையெழுத்துப் போட வேண்டிய இடம் இன்னும் வெள்ளையாகவே இருந்தது.

இன்னொன்று பயணத் திட்டம். பழைய ராஜாக்களின் தலைநகரத்துக்கு, சனி ஞாயிறு இரண்டே நாள். கையெழுத்துக்கு அதில் இடமே இல்லை. சண்டை முழுக்க அதில்தான்.

மூன்று வாரமாக இதே இழுபறி. சர்ஜன் அடுத்த புதன்கிழமைக்கு நாள் குறித்துவிட்டார். அதற்குள் அந்த ஊரை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று அப்பா அடம்பிடித்தார். சர்ஜனும் ஒரு விதியோடு இறங்கி வந்தார். ரயிலில் போகலாம், காரில் சுற்றலாம், படகில்கூட உட்காரலாம். படி மட்டும் ஏறக் கூடாது. பத்துப் படிகூட.

"பாருங்க" என்று மகள் திட்டத்தை அப்பா பக்கம் நகர்த்தினாள். "சனி காலை ஒன்பதே கால், ஸ்டேஷன்லேர்ந்து கார். பத்து மணிக்கு ரூம், கீழ்த்தளம். பதினொண்ணு நாப்பதுக்கு ஏரி. படகுத்துறை சரிவுப் பாதைதான், போன் பண்ணிக் கேட்டுட்டேன். ரெண்டு மணிக்குப் படிக்கிணறு."

"படிக்கிணறா? அதுல படி இருக்காதா?"

"மேலேர்ந்து எட்டிப் பார்க்கறோம். இறங்கலை."

"சினிமா கொட்டகை வாசல்ல நின்னு போஸ்டர் பார்க்கற மாதிரி."

மகளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். அதே ஆஸ்பத்திரியில்தான் அவளுக்கு வேலை. எந்த அறுவை சிகிச்சை, எந்த மேஜையில், எத்தனை மணிக்கு என்று தினமும் பட்டியல் போடுகிறவள். இரண்டு சிகிச்சைக்கு நடுவே அறையைச் சுத்தம் செய்ய இருபது நிமிடம் விடுவாள். பயணத் திட்டத்திலும் ஒவ்வொரு வரிக்கும் நடுவே அந்த இருபது நிமிடம் இருந்தது. ஆஸ்பத்திரியில் அவளுக்குப் பெயரே லிஸ்ட் மேடம். வீட்டிலும் அது தொற்றிக்கொண்டது.

"எல்லாம் நல்லாத்தான் இருக்கு, மேடம்" என்றார் அப்பா. "அரண்மனைப் பின்கோபுரம், மூணாவது மாடி. அது எங்கே?"

"நூத்திப் பதினெட்டுப் படிப்பா."

"லிஃப்ட் இருக்குன்னு எத்தனை தடவை சொல்றது? நான் போட்ட லிஃப்ட். அது ஏறி இறங்கற ரெயிலெல்லாம் நானே நூல் பிடிச்சு நிறுத்தினது. நீ அவசரப்பட்டு ரெண்டு மாசம் முன்னாடியே பொறந்தே. நான் ஓடி வந்துட்டேன். சோதனை ஓட்டம் மட்டும்தான் பாக்கி. அதை வேற ஆளுங்க முடிச்சிருப்பாங்க."

"அரண்மனை வெப்சைட்ல லிஃப்ட்னு ஒரு வார்த்தை இல்லையே."

"எழுதினவன் படியேறிப் போயிருப்பான்."

மகள் படிவத்தை எடுத்தாள். "இன்னைக்கு நாலு மணிக்குப் புதன்கிழமை லிஸ்ட் மூடறாங்க. கையெழுத்து இல்லைன்னா உங்க இடம் அடுத்த ஆளுக்குப் போயிடும். மறுபடி கிடைக்க ரெண்டு மாசம். அந்த வால்வு ரெண்டு மாசம் தாங்காதுன்னு சர்ஜன் உங்க முன்னாடிதான் சொன்னாரு."

"திட்டத்துல மூணாவது மாடியைப் போடு. நான் இதுல போடறேன்."

"பயமா இருக்காப்பா?"

அப்பா தேநீரை ஒரு வாய் குடித்தார். முப்பத்தைந்து வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்த கைகள். இப்போது கோப்பையைத் தூக்கினாலே மூச்சு வாங்குகிறது.

"லிஃப்ட் குழிக்குள்ள இறங்கறதுக்கு முன்னாடி கரண்ட் மெயினை ஆஃப் பண்ணுவோம். பண்ணிட்டு அந்த மெயின் பெட்டியில அவனவன் சொந்தப் பூட்டைப் போட்டுச் சாவியைப் பாக்கெட்ல வச்சுக்குவான். முதலாளியே வந்தாலும் அந்தப் பூட்டைத் தொட மாட்டான். யாரு பூட்டோ அவன்தான் திறக்கணும். ஏன்னா உள்ளே இருக்கறது அவன் உசுரு."

"தெரியும்பா."

"புதன்கிழமை என் மெயினை ஆஃப் பண்ணப் போறாங்க. கொஞ்ச நேரம் இதயத்தையே நிறுத்தி வைப்பாங்களாம். உள்ளே இருக்கறது நான். சாவி மட்டும் வேற யார் பாக்கெட்லயோ." கோப்பையை வைத்தார். "அதுக்கு முன்னாடி என் கையால செஞ்ச ஒண்ணு ஓடறதைப் பார்க்கணும். அவ்வளவுதான். பெரிய தத்துவமெல்லாம் இல்லை."

மகள் படிவத்தை மேஜை மேலேயே திருப்பி வைத்தாள். பையை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

*

பத்தே கால் மணி. ஆஸ்பத்திரியின் இரண்டாம் தளத்தில், ஜன்னல் இல்லாத ஓர் அறை. சுவரில் பெரிய வெள்ளைப் பலகை. புதன்கிழமைக் கட்டத்தில், இரண்டாம் மேஜை, காலை எட்டு மணி என்ற இடத்தில் மஞ்சள் அட்டை ஒட்டியிருந்தது. மஞ்சள் என்றால் கையெழுத்து வரவில்லை.

அவளே ஒட்டியது. மற்ற அட்டைகள் எல்லாம் பச்சை.

அரண்மனை அலுவலகத்துக்குப் போன் போட்டாள். நாலாவது முயற்சியில் ஒருவர் எடுத்தார். குரலைக் கேட்டால் ஓய்வு பெற இன்னும் ஓரிரு வருடம் இருக்கும் என்று தோன்றியது.

"பின்கோபுரத்துக்கு லிஃப்ட் இருக்கா சார்?"

"லிஃப்டா? ராஜா கட்டினப்போ கரண்டே கிடையாதும்மா."

"முப்பத்தோரு வருஷம் முன்னாடி போட்டாங்க. எங்க அப்பாதான் போட்டாரு."

"நான் இங்க பதினாறு வருஷமா இருக்கேன். அந்தக் கோபுரமே ரெண்டு வருஷமாத்தான் திறந்திருக்கு. வாரிசுங்களுக்குள்ள கேஸ், அதுவரைக்கும் கோர்ட் சீல். இப்போ நூத்திப் பதினெட்டுப் படி இருக்கு, கைப்பிடி இருக்கு, நடுவுல உட்கார பெஞ்சு இருக்கு. லிஃப்ட் மட்டும் இல்லை. அப்பாவுக்கு என்ன வயசு?"

"அறுபத்தெட்டு."

"சில பேருக்கு ஞாபகம் கொஞ்சம் முன்னே பின்னே ஆகும்மா. தப்பா எடுத்துக்காதீங்க." அந்தக் குரலில் கேலி இல்லை. "எதுக்கும் உங்க நம்பரைக் குடுங்க. மதியம் கூட்டம் குறைஞ்சா ஒரு எட்டு போய்ப் பார்க்கறேன்."

நம்பரைச் சொல்லிவிட்டுப் போனை வைத்தாள். பக்கத்து மேஜை நர்ஸ் நிமிர்ந்து பார்த்தாள்.

"என்ன லிஸ்ட் மேடம், முகம் மஞ்சளா இருக்கு?"

"அப்பா சொல்ற லிஃப்ட் அங்க இல்லையாம்."

"அப்போ பொய் சொல்றாரா, மறந்துட்டாரா?"

எதுவாக இருந்தால் தேவலை என்று மகளுக்கே தெரியவில்லை. ஆபரேஷனைத் தட்டிக்கழிக்க அப்பா கதை கட்டுகிறார் என்றால் வலிக்கும். உண்மை என்று நம்பியே சொல்கிறார் என்றால் அதைவிட வலிக்கும்.

இதைக் கேட்க ஒரே ஓர் ஆள்தான் இருந்தாள்.

*

அம்மாவின் கடை, கடைத்தெருக் கட்டடத்தின் தரைத்தளத்தில், நகலெடுக்கும் கடைக்கும் கைக்கடிகாரம் பழுதுபார்க்கும் கடைக்கும் நடுவே எட்டடி அகலத்தில் இருந்தது. புதிதாக எதுவும் அங்கே தைப்பதில்லை. நீளத்தைக் குறைப்பது, இடுப்பைப் பிடிப்பது, ஜிப் மாற்றுவது. உடம்பு மாறிப்போனவர்களின் உடைகளை உடம்புக்குத் தக்கபடி மாற்றிக் கொடுப்பதுதான் அம்மாவின் தொழில்.

மகள் போனபோது அம்மா ஒரு கால்சட்டையின் ஓரத்தைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"சாப்பிட்டியா?"

"அம்மா, அந்த ஊர்ல அப்பா நிஜமாவே லிஃப்ட் போட்டாரா?"

அம்மாவின் கையில் கத்தரிக்கோல் நின்றது.

"ஏன் கேட்கறே?"

"அப்படி ஒண்ணே இல்லைங்கறாங்க. அப்பாவுக்கு ஞாபகம் குழம்புதோன்னு பயமா இருக்கு. நாலு மணிக்குள்ள கையெழுத்து வாங்கணும். திட்டத்துல பொய்யா ஒரு வரி போட்டு வாங்கிடலாமான்னு பார்க்கறேன். அங்க போன பிறகு லிஃப்ட் ரிப்பேர்னு சொல்லிக்கலாம்."

"அவர்கிட்டயா? லிஃப்ட் ரிப்பேர்னு?" அம்மா வறட்சியாகச் சிரித்தாள். "பையைத் திறந்து ஸ்பேனரை எடுத்துட்டு உட்கார்ந்துடுவாரு."

பிறகு கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். மேஜை ஓரத்தில் கடைச் சாவிக்கொத்து கிடந்தது. அதை எடுத்து மகள் கையில் வைத்தாள்.

"எத்தனை சாவி இருக்கு?"

மகளுக்கு எண்ண வேண்டிய அவசியமே இல்லை. ஷட்டருக்கு இரண்டு, அலமாரிக்கு ஒன்று, வீட்டுக்கு மூன்று, பீரோவுக்கு இரண்டு. எட்டு. ஒன்பதாவது எதற்கும் பொருந்தாது. சின்ன வயதில் வீட்டில் இருந்த அத்தனை துவாரத்திலும் அதை நுழைத்துப் பார்த்திருக்கிறாள். எதுவும் திறந்ததில்லை. கட்டையான பித்தளைச் சாவி. தலையில் 14 என்று வெட்டியிருக்கும்.

"ஒன்பது" என்றாள்.

"அந்த ஒன்பதாவது உங்கப்பாவோட பூட்டுச் சாவி."

மகள் அந்த 14-ஐக் கட்டைவிரலால் தடவினாள்.

"நீ பொறந்தப்போ ஒன்றரைக் கிலோ. கண்ணாடிப் பெட்டியில வச்சிருந்தாங்க. தந்தி கிடைச்சு அவர் வேலை நடுவுலேர்ந்து அப்படியே ஓடி வந்தாரு. உடுப்புகூட மாத்தலை. அந்த உடுப்பைத் தோய்க்கறப்போ பாக்கெட்ல இது கிடந்தது. கம்பெனிலேர்ந்து, ஒரு வாரத்துல வந்து பூட்டைத் திற, வேலை நிக்குதுன்னு கடிதம். போனாருன்னா அங்கேர்ந்து அடுத்த ஊரு, அதுக்கடுத்த ஊருன்னு போயிட்டே இருப்பாரு. எனக்கு அப்பவே பழகின கதை அது. நீ பெட்டிக்குள்ள. நான் தனியா." அம்மா பிரித்த நூலை விரலில் சுற்றினாள். "ஒரு வாரம் மறைச்சு வைக்கலாம்னுதான் நினைச்சேன்."

"அப்புறம்?"

"வீட்டையே தலைகீழாத் தேடினாரு. நானும் கூடவே தேடினேன். அந்தத் தொழில்ல சாவியைத் தொலைச்சவன்னா மதிப்பே கிடையாது. தொலைச்சுட்டேன்னு தன் கைப்பட எழுதிக் குடுத்தாத்தான் பூட்டை அறுப்பாங்களாம். அதை எழுதறதுக்குப் பதிலா வேலையை விடறேன்னு எழுதிட்டாரு. அடுத்த மாசம் மேற்பார்வையாளர் ஆக வேண்டியவரு. உள்ளூர் குடியிருப்புங்கள்ல லிஃப்ட் பொத்தான் மாத்தற வேலைக்குப் போனாரு."

"முப்பத்தோரு வருஷமாவாம்மா?"

"முதல் வாரம் சொல்லியிருக்கணும். ரெண்டாவது வாரம் சொல்ல முடியலை. அதுக்கப்புறம் ஒவ்வொரு வாரமும் இன்னும் கஷ்டமாயிடுச்சு. தூக்கிப் போடவும் மனசு வரலை. அதான் இந்தக் கொத்துலயே மாட்டி வச்சேன். அவரே எத்தனையோ தடவை இந்தக் கொத்தால ஷட்டரைத் திறந்திருக்காரு. குனிஞ்சு பார்த்ததே இல்லை."

மகளுக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. அந்த ஒன்றரைக் கிலோ மேலா கோபப்பட முடியும்?

"இன்னைக்கு ராத்திரி அவர்கிட்ட சொல்லிடப் போறேன்" என்றாள் அம்மா.

"வேண்டாம்மா. புதன்கிழமை போகட்டும். அவர் இதயம் இருக்கற இருப்புல..."

"புதன்கிழமை ஏதாவது ஆயிட்டா? மயக்க மருந்து குடுத்த பிறகு நான் யார்கிட்ட போய்ச் சொல்றது?"

மகள் சாவிக்கொத்தை மேஜை மேல் வைத்தாள். பட்டியலில் இதற்கு எந்த இருபது நிமிடத்தை ஒதுக்குவது?

*

இரண்டே முக்காலுக்குப் போன் அடித்தது. அவள் ஆஸ்பத்திரி வாசலில், வீட்டுக்குப் போக ஆட்டோவில் ஒரு காலை வைத்திருந்தாள்.

"ஹலோ, அரண்மனை ஆபீஸ்லேர்ந்து பேசறேம்மா." மூச்சு வாங்கியது. "நூத்திப் பதினெட்டையும் ஏறிட்டு வந்திருக்கேன், உங்க அப்பா புண்ணியத்துல."

"சொல்லுங்க சார்."

"மூணாவது மாடியில ஒரு மரப்பலகைத் தடுப்பு இருக்கு. பழைய சாமான் அறைன்னு நினைச்சிருந்தோம். பின்னாடி எட்டிப் பார்த்தா இரும்புக் கதவும்மா, இழுத்து மூடற மாதிரி. பக்கத்துச் சுவத்துல ஒரு மெயின் பெட்டி. அதுல ஒரு பித்தளைப் பூட்டு."

மகள் ஆட்டோவிலிருந்து காலை எடுத்துவிட்டாள்.

"ஏதாவது நம்பர் இருக்கா?"

"பதினாலு. ஒரு அட்டையும் தொங்குது. சிவப்பு எழுத்து, பாதி அழிஞ்சிருக்கு. 'ஆள் உள்ளே வேலை செய்கிறார். திறக்காதீர்.'" அவர் சிரித்தார். "போன வருஷம் வெள்ளையடிக்க வந்த காண்ட்ராக்டர் இதை அறுத்துடலாம்னு ரம்பத்தோட போயிருக்கான். அட்டையைப் படிச்சுட்டுக் கையை எடுத்துட்டானாம். ஏன் எங்கிட்ட சொல்லலைன்னு இப்போ கேட்டா, சொன்னா என்னையே திட்டுவீங்கன்னு சொல்றான். முப்பத்தோரு வருஷமா ஒரு மனுஷன் உள்ளே வேலை செஞ்சுட்டு இருக்காரும்மா. அவருக்கு யாராவது சாப்பாடு குடுத்தாங்களா இல்லையா?"

அவளும் சிரித்தாள். சிரித்து முடிக்கும்போது கண் கலங்கியிருந்தது.

*

மூன்று இருபது. அப்பா அதே மேஜையில், அதே நாற்காலியில் இருந்தார். பயணத் திட்டத்தை வைத்துக்கொண்டு, பென்சிலால் ரூமுக்கும் ஏரிக்கும் நடுவே எதையோ குறித்துக்கொண்டிருந்தார்.

"ரூம்லேர்ந்து ஏரிக்கு முப்பது நிமிஷம்னு போட்டிருக்கே. அந்தச் சந்துல மாட்டு வண்டிகூட அதைவிட வேகமாப் போகும்" என்றார். பிறகுதான் அவள் முகத்தைப் பார்த்தார். "என்ன? லிஃப்ட் இல்லைங்கறாங்களா?"

"ஓடலைப்பா. யாருமே சோதனை ஓட்டம் ஓட்டலை. கேஸ் வந்து கோபுரத்தையே மூடிட்டாங்களாம்."

அப்பாவின் முகம் தளர்ந்தது.

"ஆனா உங்க பூட்டு அங்கேயே இருக்கு" என்றாள். "பதினாலு. அட்டையும் இருக்கு. ஒருத்தரும் அதைத் தொடலை."

அப்பாவின் கை சட்டைப் பைக்குப் போயிற்று. முப்பத்தைந்து வருடப் பழக்கம்; குழிக்குள் இறங்குமுன் சாவி இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கிற கை. பையில் பேனா மட்டும்தான் இருந்தது.

"அறுக்கலையா?"

"அறுக்கப் போனவன் அட்டையைப் படிச்சுட்டுத் திரும்பிட்டானாம்."

"நல்ல பையன்" என்றார் அப்பா.

சுவர்க் கடிகாரம் மூன்று இருபத்தெட்டு காட்டியது. அவசரப்படுத்தினால் கெட்டுவிடும் என்று மட்டும் மகளுக்குத் தெரிந்தது.

"நீ போட்ட திட்டம் தப்பு, மேடம்."

"எங்கேப்பா?"

"வரிசை தப்பு." பென்சிலை வைத்துவிட்டுப் பேனாவை எடுத்தார். "இந்த வாரம் போனா கீழேயே நின்னு அண்ணாந்து பார்த்துட்டு வரணும். அது என் பூட்டு. நான்தான் திறக்கணும். அதுக்கு மேலே ஏறணும். ஏறணும்னா வால்வு வேணும். சர்ஜன் என்ன சொன்னாரு, எத்தனை மாசத்துல படி ஏறலாம்?"

"மூணு."

"அப்போ ரயில் டிக்கெட்டை மூணு மாசம் தள்ளிப் போடு."

படிவத்தை இழுத்துக் கையெழுத்துப் போட்டார். பெரிய, பழைய பாணிக் கையெழுத்து. கோடு தாண்டிப் போயிற்று.

மகள் அதைப் படம் எடுத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாள். மூன்று ஐம்பதுக்குப் பதில் வந்தது. பலகையின் படம். இரண்டாம் மேஜை, எட்டு மணி. பச்சை. பக்கத்தில் நர்ஸ் ஒரு சிரிப்பு முகம் வரைந்திருந்தாள்.

*

ஆறு மணிக்கு அம்மா கடையை மூடிவிட்டு வந்தாள். அப்பா வாசலிலேயே பிடித்துக்கொண்டார். பூட்டு, அட்டை, காண்ட்ராக்டர், எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லப் பார்த்து, மூச்சு போதாமல் பாதியில் உட்கார்ந்தார்.

"மெதுவாச் சொல்லுங்க" என்றாள் அம்மா. அவளும் உட்கார்ந்தாள்.

"ரெண்டு பேரும் சேர்ந்து மேலே போறோம். நான் திறக்கறேன், நீ பக்கத்துல நிக்கறே. உனக்கு அப்பவே கடிதத்துல எழுதினேனே, அந்த ஜன்னல்லேர்ந்து பார்த்தா ஏரி முழுசா தெரியும்னு." அவர் மேஜை மேலிருந்த புதுத் தாளைக் காட்டினார். எடுத்துப் போக வேண்டிய சாமான்கள் என்று மேலே எழுதியிருந்தது. மகள் பாணியில் எண் போட்டு, அவர் கையெழுத்தில். "டார்ச். எண்ணெய்க் குப்பி. துணி. நாலாவது பாரு."

நாலாவது: ரம்ப பிளேடு, இரண்டு.

"சாவியைத்தான் தொலைச்சுட்டேனே" என்றார் அப்பா. "சொந்தப் பூட்டைச் சொந்தக் கையாலேயே அறுக்கணும். அது ஒண்ணுதான் மனசுல உறுத்துது. பரவாயில்லை. இத்தனை வருஷம் ஆச்சு, அந்த வெட்கத்தை அங்கேயே விட்டுட்டு வந்துடறேன்."

மகள் அம்மாவைப் பார்த்தாள். வேண்டாம் என்று லேசாகத் தலையை அசைத்தாள். அம்மா அதைப் பார்த்தாள். பார்க்காதது போல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"நீங்க போய் முகம் கழுவிட்டு வாங்க. வேர்த்திருக்கு."

அப்பா எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனார். குழாய் திறக்கும் சத்தம் கேட்டது.

"அம்மா, புதன்கிழமை வரைக்கும்" என்றாள் மகள் தணிந்த குரலில். "இன்னும் ஆறே நாள். கையெழுத்துப் போட்டதையே மாத்திட்டாருன்னா?"

"மாத்தினா மாத்தட்டும். அவர் உள்ளே இருக்கறப்போ சாவி என் பாக்கெட்ல இருக்கக் கூடாதுடீ."

அம்மா பேனாவை எடுத்தாள். நாலாவது வரியை ஒரே கோட்டில் அடித்தாள். தையல்காரியின் கோடு, கோணவில்லை. அதன் பக்கத்தில் 'சாவி' என்று ஒரே ஒரு வார்த்தை எழுதினாள். கொத்திலிருந்து ஒன்பதாவதைக் கழற்றினாள். முப்பத்தோரு வருடம் அதே வளையத்தில் கிடந்தது, சுலபத்தில் வரவில்லை. நகம் பெயர்ந்தது. தாளின் மேல், அந்த வார்த்தைக்கு நேராக அதை வைத்தாள்.

குழாய் நின்றது.

அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தார். "அஞ்சாவதா கையுறை போடணும், மறந்துட்டேன்" என்றபடி தாளை இழுத்தார். அதன் மேல் கிடந்த எதுவோ சறுக்கி மேஜையில் தட்டியது. பித்தளைச் சத்தம்.

அவர் மேஜையைத் தடவி, தன் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார்.